நாலாவது வரி

தலையில் அடிபட்டு அன்றோடு ஒன்பது நாள். மண்டை தப்பியது, மூளை குலுங்கிவிட்டது என்றார் டாக்டர். போன் கூடாது, டிவி கூடாது. வாசிப்பதென்றால் ஒரு தடவைக்கு மூன்றே நிமிடம். அதற்குள் வலி வந்தால் அப்போதே நிறுத்திவிட வேண்டும். பரம்பரையிலேயே முதல் பட்டதாரி அவள். தெருவில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அவளைத்தான் தேடி வரும். இப்போது அவளுக்கே ஒரு காகிதம் வந்திருந்தது. ஜன்னல்களுக்கெல்லாம் போர்வை கட்டிய அறையில், கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

கொண்டுவந்தவர், அவள் வேலை பார்க்கும் மருந்துக் கிடங்கின் மேற்பார்வையாளர். முதலாளி தும்மினாலும் ஆமாம் போடுவார் என்பதால் கிடங்கில் அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர்.

"பாப்பா, நீ சிரமப்படாத. விபத்து அறிக்கைதான். கீழ ஒரு கையெழுத்து போட்டா போதும்."

"படிக்காம போட மாட்டேன் சார்."

"உனக்குத்தான் படிக்கக் கூடாதாமே!"

"நாலு நாள் கழிச்சு வாங்க. படிச்சுட்டுப் போடறேன்."

"இன்னிக்கே அனுப்பணும்மா. சரி, நானே வாசிக்கிறேன். கேட்டுட்டுப் போடு."

அலமாரித் தட்டைத் தாங்கும் போல்ட் கழன்றுவிட்டதென்று புகார் நோட்டில் மூன்று முறை எழுதியவள் அவள். மூன்றுக்கும் கீழே 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டவர் இவர். நான்காவது முறை எழுத நேரமில்லை, தட்டே வந்து தலையில் விழுந்துவிட்டது. குற்றம் யாருடையது என்று அந்தக் காகிதம்தான் சொல்லப்போகிறது. அவள் பெயரில் முடிந்தால் வேலை போகும். அந்தத் தட்டையும் போல்ட் இல்லாமலே மறுபடி ஏற்றி வைப்பார்கள், அடுத்த தலைக்காக.

ஆமாஞ்சாமி காகிதத்தைக் கதவு வழி வந்த வெளிச்சத்தில் ஸ்டூலில் விரித்து, விரலை ஓட்டி ஓட்டி வாசித்தார். தேதி, நேரம், பிரிவு. தட்டு விழுந்தது, முதலுதவி தரப்பட்டது, மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. தேன் தடவிய குரல். தப்பு சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

"அவ்ளோதான். பேனா இந்தா."

"தம்பி, ஒரு நிமிஷம்," என்றாள் அம்மா.

மகளுக்குத் துணையாக லீவு போட்டுவிட்டு, கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. சட்டைக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகத் தையல் சரிபார்க்கிறாள். ஒரு வரிசையில் ஊசி தாவியிருந்தால் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"எட்டு வரி இருக்கு. நீங்க ஏழுதான் படிச்சீங்க. மூணாவதுலேர்ந்து விரல் அஞ்சாவதுக்குத் தாவிடுச்சு."

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமாம்மா?"

"எண்ணத் தெரியும் தம்பி."

மகள் எழுந்து உட்கார்ந்தாள். அறை ஒரு சுற்று சுற்றி நின்றது.

"எந்த வரிம்மா?"

அம்மா அந்த வரியின் மேலும் கீழும் இரண்டு விரல்களை வைத்து மற்றதையெல்லாம் மறைத்தாள். எழுத்துகள் எறும்புகளாக ஊர்ந்தன. இருக்கும் மூன்று நிமிடத்தையும் மகள் அந்த ஒரு வரிக்கே கொடுத்தாள். ஒரு சொல், கண் மூடல். அடுத்த சொல், மறுபடி கண் மூடல். வலி வந்துவிட்டது. விடவில்லை.

'அலமாரியில் குறையேதும் இல்லை; என் கவனக்குறைவே காரணம்.'

"ஏன் சார், இந்த வரி மட்டும் உங்க வாயில நுழையலையா?"

ஆமாஞ்சாமிக்கு முதல்முறையாக ஆமாம் வரவில்லை. "அது... எல்லா அறிக்கையிலும் வழக்கமா போடறதுதான்."

பேனாவை வாங்கினாள். நாலாவது வரியைக் குறுக்கே அடித்தாள். ஓரத்தில், கோணல்மாணலாக, 'போல்ட் கழன்றுவிட்டது என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். நோட்டைப் பார்க்கவும்' என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். யாரும் சொல்லாமலே அம்மா தன் போனை எடுத்து, காகிதத்தைப் படம் பிடித்துக்கொண்டாள்.

"அடிச்சா செல்லாது பாப்பா."

"அப்போ புதுசா அடிச்சுக் கொண்டாங்க. நான் எங்கயும் ஓடல, இங்கதான் படுத்துக் கிடக்கேன். போற வழியில அந்த போல்ட்டையும் மாட்டிட்டுப் போங்க."

அவர் போன பிறகுதான் வாந்தி எடுத்தாள். அம்மா முதுகைத் தடவி, ஈரத் துணியைக் கண்ணில் போட்டுவிட்டாள்.

"ரொம்ப வலிக்குதாடி?"

"வலிக்குது. அவர் மறுபடி வந்தா எழுப்பும்மா."

"நீ தூங்கு. வரி எண்ண நான் இருக்கேன்."