ஹவுஸ் ஓனரைக் கொல்ல வேண்டாம்னு ஒரு தந்தி

எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா? மூட்டுவலி எல்லாம் தேவலையா? பேய்க்கதை படிச்சாத்தான் தூக்கம் வருதுன்னு சொல்றவங்களுக்காக, எங்க வீட்ல நடந்த ஒண்ணைச் சொல்றேன்.

அறுபத்தாறுல நாங்க ஸ்ரீரங்கத்துல, அம்மா மண்டபம் போற ரோட்டுல வாடகைக்கு இருந்தோம். எங்க வீட்ல அவரு, நல்லதம்பி, ஸ்கூல் வாத்தியார். சாயங்காலமானா பேய்க்கதை எழுதுவாரு. அப்ப ஒரு வாரப் பத்திரிகையில அவரோட தொடர்கதை வந்துகிட்டிருந்துச்சு. மோகனான்னு ஒரு பேய்.

ஹவுஸ் ஓனர் பேரு வெள்ளைச்சாமி. மலைக்கோட்டைக்குக் கீழ பாத்திரக்கடை வச்சிருந்தாரு. திருவெறும்பூர் ஃபேக்டரிக்கு வெளியூர்லேருந்து இன்ஜினியருங்க வந்து இறங்கின நேரம். மனுஷனுக்குக் கூட வாடகை வாங்கலாம்னு ஆசை வந்துருச்சு. "தம்பி, தைக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்க"ன்னுட்டாரு. எனக்கு ஏழாம் மாசம். புள்ளை பொறக்குற வரைக்கும் வீடு மாறக்கூடாதுன்னு எங்க மாமியார் ஒத்தக் கால்ல நிக்கிறாங்க.

நான் இவருகிட்ட கேட்டேன். "ஏங்க, அந்த மோகனாவை எதுக்குப் பாழடஞ்ச பங்களாவுலயே வச்சிருக்கீங்க? நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்களேன்."

"இங்கயா?"

"அவளுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்ல."

அடுத்த வாரமே மோகனா குடிவந்துட்டா. பச்சைக் கதவு, வாசல்ல சாஞ்ச முருங்கைமரம், ஒரு பக்கம் உடஞ்ச கிணத்து ராட்டினம், ஒண்ணு விடாம எழுதினாரு. உச்சி வெயில்ல ராட்டினம் தானாச் சுத்துமாம். ஊர்ல பாதிப்பேர் அந்தப் பத்திரிகை படிக்கிறவங்க.

சந்திரம்மாள்னு ஒரு இன்ஜினியர் சம்சாரம் வீடு பாக்க வந்தாங்க. முருங்கைமரத்தைப் பாத்தாங்க, கதவைப் பாத்தாங்க. கொல்லைக்கு வந்து நின்னுட்டாங்க. "ஏங்க, இந்த ராட்டினம்..."

"பகல்ல மட்டும்தாங்க சுத்தும். ராத்திரி ஒரு தொந்தரவும் கிடையாது"ன்னேன்.

குடுத்த காபியைக்கூடத் தொடலை. அதுக்கப்புறம் வந்த மூணு குடும்பமும் வாசலோட திரும்பிருச்சு.

ஒரு நாள் வெள்ளைச்சாமியே வந்தாரு. கக்கத்துல அந்தப் பத்திரிகை. போச்சு, தெரிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன்.

"தம்பி, கதையில வர்ற ஹவுஸ் ஓனர் நான்தானே?"

"இல்லீங்கய்யா, எல்லாம் கற்பனை."

"கற்பனைக்கு இடது காதுக்குக் கீழ மரு இருக்குமா?"

இவரு அவசரமா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாரு. வெள்ளைச்சாமி தொண்டையைச் செருமிகிட்டு, "புள்ளைத்தாச்சியைத் தெருவுல நிறுத்துறவனை அடுத்த வாரம் கிணத்துக்குள்ள இழுத்துருவேன்னு மோகனா சொல்லியிருக்கா. நாலு நாளா எங்க வீட்டுக் கிணத்தடிக்கே நான் போகலை. பக்கத்து வீட்ல குளிக்கிறேன்"ன்னாரு.

"அப்ப தைக்குள்ள..." நான் இழுத்தேன்.

"தையும் வேணாம், மாசியும் வேணாம். நீங்களே இருங்கம்மா. என்னை மட்டும் விட்டுடச் சொல்லுங்க."

"சொல்லிப் பாக்குறேங்க"ன்னேன்.

அவரு போனப்புறம் திரும்பிப் பாத்தா, இவரு முகம் வெளுத்துக் கிடக்கு. கடைசி அத்தியாயத்தை முந்தாநாளே மெட்ராசுக்குத் தபால்ல அனுப்பிட்டாராம். அதுல வெள்ளைச்சாமி கிணத்துக்குள்ள கிடக்குறாரு. வெளியில வந்துச்சுன்னா நாங்க தெருவுல கிடப்போம்.

சட்டைப் பட்டனைப் போட்டுகிட்டே தந்தி ஆபீசுக்கு ஓடினாரு. அங்க கிளார்க் அடைக்கலராஜ், இவரு எழுதினதை வாங்கிப் படிச்சாரு. 'ஹவுஸ் ஓனரைக் கொல்ல வேண்டாம். வேறு யாரையாவது கொல்லவும்.' கிளார்க் இவரை மேலயும் கீழயும் பாத்துட்டு, "சார், நீங்க வாத்தியார்தானே?"ன்னாராம்.

முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாப் போச்சு. ஆபீசே சுத்தி நின்னு கேட்டுருக்கு. தந்தி போனப்புறமும் ஆளை விடலையாம். "அப்ப மோகனாவுக்கு என்னதான் சார் ஆச்சு?"

பத்திரிகை வந்துச்சு. ஹவுஸ் ஓனர் உயிரோட இருந்தாரு. பத்திரிகை ஆசிரியர் தந்தியில சொன்னபடி வேற ஆளைக் கொன்னுட்டாரு: அந்த வீட்ல வாடகைக்கு இருந்த வாத்தியாரை, அதே கிணத்துல.

வெள்ளைச்சாமி அரைக் கிலோ மைசூர்பாகோட வந்தாரு. இவரு தோளைத் தட்டிக் குடுத்து, "நல்ல மனுஷன், பாவம்"ன்னாரு.

பதினோரு வருஷம் அந்த வீட்லயே இருந்தோம். மூத்தவன் அங்கதான் பொறந்தான். இவரு மட்டும் கிணத்தடிக்குப் போகவே மாட்டேன்னுட்டாரு. தினம் காலையில கடைக்குப் போற வழியில வெள்ளைச்சாமி உள்ள வந்து, இவரு குளிக்க நாலு வாளி இறைச்சு வச்சுட்டுப் போவாரு.

உங்க வீட்லயும் கதை படிச்சுட்டுக் கொல்லைப்பக்கம் போகப் பயந்தவங்க இருப்பாங்களே. அவங்க என்ன கூத்து பண்ணாங்கன்னு எனக்கு எழுதுங்க. அவங்களைக் கேட்டுகிட்டெல்லாம் எழுத வேணாம்.