பேசிக்கொண்டே நட

மொபைல் நெட்வொர்க்கை நடத்தும் மென்பொருள் கம்பெனியைச் சின்னவளும் அவளுடைய அக்காள் புருஷனும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். எழுதியது முழுக்க அவள், விற்றது அவர். முதலீடு போடுகிறவர்கள் வந்த அன்று, இந்தப் பெண் யார் என்று கேட்டதற்கு, “வீட்டுப் பொண்ணு, டைப் அடிச்சுக் குடுக்கும்” என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் நின்ற அக்கா வாயைத் திறக்கவில்லை.

சின்னவள் சண்டை போடவில்லை. வேலையை விட்டாள், இரண்டு அறை வாடகைக்குப் பிடித்தாள், முதல் வரியிலிருந்து புதிதாக எழுதினாள். எழுதியதையெல்லாம் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டாள்: யாரும் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தலாம், அதை வைத்துச் சொந்தமாக நெட்வொர்க்கே நடத்தலாம். மாமா எதற்கெல்லாம் விலை வைத்தாரோ அதையெல்லாம் தேடித் தேடி இலவசமாக்கினாள். சின்னச் சின்ன நிறுவனங்கள் அவரிடமிருந்து கழன்றுகொண்டன. அவர் கையில் மிச்சம் ஒன்றுதான்: பேசிக்கொண்டே போகிறவரைப் பேச்சு அறுபடாமல் ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்குக் கைமாற்றிவிடும் பகுதி. அதை நம்பி ஒரு பெரிய கம்பெனி மறுநாள் கையெழுத்துப் போடவிருந்தது.

சின்னவளும் அதை எழுதி முடித்துவிட்டாள். முன்னறையில் ஒன்றும் சமையலறையில் ஒன்றுமாகச் செருப்புப் பெட்டி அளவில் இரண்டு குட்டி டவர்கள் மாட்டியாயிற்று. சோதித்துப் பார்க்க, பேசிக்கொண்டே நடக்க ஓர் ஆள்தான் இல்லை. அதையும் இலவசமாக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டு, அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள்.

உட்காரக்கூட இல்லை, அழ ஆரம்பித்தாள். சின்னவள் ஒரு போனை அவள் கையில் திணித்தாள்.

“சொல்ல வேண்டியதை இதுல சொல்லுக்கா. அப்படியே கிச்சன் வரைக்கும் போ.”

இந்தக் கிறுக்கு இன்னும் போகவில்லையா என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே அக்கா நடந்தாள். சின்னவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

“இது கைவிட்டுப் போனா அவரு எழுந்திரிக்கவே மாட்டாருடி. அவருக்காக வேணாம், எனக்காக ஒரு மாசம் வெளியிடாம பொறுத்துக்க. அன்னைக்கு நான் பேசியிருக்கணும்தான்...”

அந்தச் சொல்லின் நடுவில் அக்கா நிலைப்படியைத் தாண்டினாள். திரையில் முதல் டவரின் பச்சை அணைந்து இரண்டாவது எரிந்தது. சொல் உடையாமல் வந்து சேர்ந்தது.

ஒரு தடவை போதாது. திரும்பி வரச் சொன்னாள், மறுபடி போகச் சொன்னாள். தங்கை மனம் இளகுகிறாள் என்று நினைத்து அக்கா எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். ஒரு முறைகூட அறுபடவில்லை.

“கேட்டுச்சாடி?”

“எல்லாம் கேட்டுச்சு.” சின்னவள் வெளியீட்டுப் பொத்தானை அழுத்தி, அந்தப் பகுதியும் இலவசமாக வெளியாகிவிட்டதைத் திரையைத் திருப்பிக் காட்டினாள். அக்காவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அடிப்பாவி. அவருகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?”

“நீ நடந்து குடுத்ததாலதான் முடிஞ்சுதுன்னு சொல்லு.”

அக்கா போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள், அழைப்பைத் துண்டிக்காமலே. கதவு சாத்திய சத்தம் சின்னவளின் காதில் தெளிவாகக் கேட்டது.