ஐந்து நட்சத்திரப் பொன்னுச்சாமி

'டமார்!'

தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்த சத்தத்தில் உமையாள் ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. மின்விசிறி இரண்டு சுற்று சுற்றி அடங்கியது. மேசைக்கு அடியில் இருந்த யுபிஎஸ் 'கீ... கீ...' என்று கத்த ஆரம்பித்தது.

பூமயில் தலையைத் தூக்கவில்லை. திரையில் ஒரு சிறுமியின் சிவப்பு கவுன் தெரிந்தது. கவுனின் ஓரத்தை ஒட்டி, நகக்கண்ணில் அழுக்கெடுப்பதுபோலப் பதனமாக மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தாள். கடைசிப் புள்ளியைத் தொட்டதும் படத்தைச் சேமித்தாள். பென் டிரைவைச் சொருகி எல்லாப் படங்களையும் அதில் ஏற்றினாள். திரையில் பச்சைக் கோடு எறும்புபோல் ஊர்ந்தது. யுபிஎஸ் இப்போது மூச்சுவிடாமல் கத்தியது.

"அம்புட்டுத்தேன் தாயி, அணையப் போகுது" என்றார் வாசலில் நின்ற முதலாளி பொன்னுச்சாமி.

"ஏறிருச்சுண்ணே." அவள் பென் டிரைவை உருவினாள். திரை கறுத்தது.

இராமநாதபுரத்தில் 2008-ஆம் வருடம் மின்வெட்டு புதிதல்ல. தினமும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை கரண்ட் இருக்காது. அதற்கேற்ப வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். இது கணக்கில் இல்லாத வெட்டு. லைன்மேனைக் கேட்டுவந்த பொன்னுச்சாமி, "பொழுது சாய்ஞ்சுதேன் வருமாம். நாளைக்கு அனுப்புறோம்னு அந்த லண்டன் அம்மாவுக்குச் சொல்லிரு" என்றார்.

"எதுலண்ணே சொல்ல? கரண்டு இல்லாமயா? இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள அறுபது கவுன் போகணும். நாப்பத்தெட்டுத்தேன் முடிஞ்சிருக்கு. பிந்துனா நட்சத்திரம் கொறஞ்சிரும்."

நட்சத்திரம் என்றதும் பொன்னுச்சாமி மீசையைத் தடவிக்கொண்டார்.

உப்பூருக்கு மேற்கே மிளகாய்க் கொல்லையில் கூலிவேலை பார்க்கும் கூத்தையாவின் மகள் பூமயில். கல்யாண ஆல்பம் செய்ய இந்த ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தவள். கல்யாண மண்டபத்தில் எடுத்த மாப்பிள்ளை பெண் படத்தை வெட்டி, பனிமலைக்கு முன்னால் நிறுத்துவது அவள் வேலை. மணப்பெண் தலையிலிருக்கும் மல்லிகைச் சரத்தை ஒரு மொட்டுச் சிதையாமல் வெட்டியெடுப்பாள். அந்தக் கையை நம்பித்தான், இணையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வேலை கொடுக்கும் தளம் ஒன்றில் கணக்குத் தொடங்கலாம் என்று அவள் யோசனை சொன்னாள். தளம் பேங்க் கணக்கும் பான் கார்டும் கேட்டது. இரண்டும் அவளிடம் இல்லை. பொன்னுச்சாமியிடம் இருந்தன. அவர் பெயரில் கணக்கு. அவர் மீசையோடு படம்.

மற்றதெல்லாம் அவள் செய்தாள். அகராதியை வைத்துக்கொண்டு, 'இருபது வருட அனுபவம்' என்று அவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினாள். அப்போது அவளுக்கே வயது இருபத்திரண்டு. வெட்டுவதற்கு முன், வெட்டிய பின் என்று படங்களை ஜோடியாகப் போட்டாள். முப்பது பேருக்கு எழுதினாள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. 'ஐந்து படம் இலவசமாகச் செய்கிறேன், பிடித்தால் பேசுவோம்' என்று முப்பத்தோராவது ஆளுக்கு எழுதியபோதுதான் கதவு திறந்தது. இப்போது முப்பத்தேழு வேலை முடிந்திருந்தது. முப்பத்தேழுக்கும் ஐந்து நட்சத்திரம். 'பொன்னுச்சாமியைப் போல் நம்பகமானவர் இல்லை' என்று அங்கே எழுதியிருந்தார்கள்.

"மண்டபத்துல காலையிலேயே கரண்டு போயி வந்திருக்கும். ஹமீது பாய் கடைக்குப் போறேன்" என்று கைப்பையை எடுத்தாள்.

"நாப்பது கிலோமீட்டரு தாயி!"

"பஸ்ஸு கரண்டுலயா ஓடுது?"

பாம்பன் பாலத்துக்கு இந்தப்பக்கம், மண்டபம் பேருந்து நிறுத்தத்தை ஒட்டியிருந்தது ஹமீது சுல்தானின் கடை. பாஸ்போர்ட் படம், ஜெராக்ஸ், இரண்டு கம்ப்யூட்டரில் இன்டர்நெட். உமையாள் ஸ்டுடியோவுக்கு ஆல்பம் வேலை அனுப்புபவர் என்பதால் அவளைத் தெரியும். அவள் வேர்வையோடு உள்ளே நுழைந்ததும் எழுந்து இடம் விட்டார்.

"உக்காரு தங்கச்சி. என்ன, வெள்ளக்காரன் கல்யாணமா?"

"வெள்ளக்காரப் புள்ளைக கவுனு பாய். பின்னால இருக்கிற செவரு, நாக்காலியெல்லாம் வெட்டி எறிஞ்சுட்டு கவுன மட்டும் நிப்பாட்டணும். எங்கம்மாட்ட கவுன வெட்டுறேன்னு சொன்னேன். தையல் எப்படீ படிச்சன்னு கேக்குது."

மீதிப் பன்னிரண்டும் லேஸ் வைத்த கவுன்கள். வலைபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தது ஓரம். ஹமீது சுல்தான் பின்னால் நின்று பார்த்தார். அவள் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடவில்லை. படத்தின் நீலச் சாயலை மட்டும் தனியாக நகலெடுத்து, லேஸ் வெள்ளையாகவும் ஓட்டைகள் மைக்கறுப்பாகவும் ஆகும்வரை முறுக்கினாள். பிறகு ஒரே சொடுக்கு. லேஸ் அப்படியே கழன்று வந்தது.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"மல்லியப்பூ" என்றாள்.

நாலு ஐம்பதுக்குக் கடைசிப் படம் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்குப் போக எழுந்தபோது பதிலும் வந்துவிட்டது. ஐந்து நட்சத்திரம். அதற்குக் கீழே, ஒரு வருடத்துக்குத் தன் துணிக்கடையின் எல்லாப் படங்களையும் தரத் தயார், நாளை வேலை செய்பவரோடு இணையத்தில் நேரடியாகப் பேச வேண்டும் என்று லண்டன் அம்மா எழுதியிருந்தாள்.

ஹமீது சுல்தான் திரையிலிருந்த மீசையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"வேலை செய்யிறவருன்னா யாரு தங்கச்சி?"

மறுநாள் பொன்னுச்சாமி தேய்த்த சட்டை போட்டு ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார். "கேமரா இல்லண்ணே, பேச்சு மட்டுந்தேன்" என்று பூமயில் சொன்னதும், "இருக்கட்டும், ஒரு மருவாதி" என்று மைக்குக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் முக்காலியில், கையில் நோட்டோடு.

லண்டன் கடைக்காரம்மா மார்கரெட் நலம் விசாரிக்கும் வரை தடங்கல் இல்லை. பிறகு கேட்டாள்: "லேஸை எப்படி இவ்வளவு சுத்தமாக எடுக்கிறீர்கள்? இங்கே யாராலும் முடியவில்லையே?"

பூமயில் வேகவேகமாக எழுதி நோட்டைத் திருப்பினாள். பொன்னுச்சாமிக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியவில்லை.

"லேஸ்... வெரி குட் லேஸ் மேடம்" என்றார்.

"ஹலோ?" என்றாள் மார்கரெட். ஒரு வருட வேலை அந்த ஹலோவில் தொங்கியது. பூமயில் மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள். இலக்கணம் பார்க்காமல், தெரிந்த ஆங்கிலத்தில் நீலச் சாயலையும் நகலையும் முறுக்குவதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கடைசியில், "என் பெயர் பூமயில். முப்பத்தெட்டு வேலையும் நான்தான் செய்தேன்" என்றாள்.

மார்கரெட் மகிழ்ந்து சிரித்தாள். "அருமை! மிஸ்டர் பொன்னுச்சாமி, நல்ல உதவியாளராகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஒப்பந்தத்தை உங்கள் பெயருக்கு அனுப்புகிறேன்."

பொன்னுச்சாமி தெருவுக்கே லட்டு கொடுத்தார். பூமயிலுக்குச் சம்பளத்தைக் கூட்டினார். புதிதாக இரண்டு பையன்களைச் சேர்த்து, "அக்காட்டத் தொழிலு கத்துக்கங்கலே" என்றார். பூமயில் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, தளத்துல ஒங்க பேரு மேலயே இருக்கட்டும். படம் செய்யிறது பூமயில்னு கீழ ஒரே ஒரு வரி போடுவோம்."

"பொம்பளப் புள்ள பேர நெட்டுல போட்டா நாளைக்கு எவனாச்சும் ஏதாச்சும் செய்வான் தாயி. ஒங்கய்யாவுக்கு நாந்தேன பதில் சொல்லணும்?"

"என் பேரு கெட்டுறக் கூடாதுன்னு ஒங்க பேர வளக்குறீகளாக்கும்?"

"நான் என்ன ஒன்னய ஏமாத்தவா செய்யிறேன்? பழகுறதுக்குக் கம்ப்யூட்டரு குடுத்தது யாரு?"

அது பொய்யில்லை. பூமயில் லட்டைக் காகிதத்தில் மடித்து வைத்தாள். மாதக் கடைசியில் வேலையை விட்டு நின்றாள். லேஸ் வேலையைப் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்க அதுவரை நேரம் வாய்க்கவில்லை.

பான் கார்டு வர ஒரு மாதம் ஆனது. பேங்கில் கணக்குத் தொடங்கினாள். மண்டபத்தில் காலையில் ஹமீது சுல்தானுக்கு ஆல்பம் செய்வாள். அதற்குக் கூலியாக மத்தியானம் ஒரு கம்ப்யூட்டர் அவளுக்கு. அதே தளத்தில் 'கூ. பூமயில்' என்று எழுதித் தன் படத்தைப் போட்டாள். பெயருக்குப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரமும் வெறும் கூடாக நின்றன. தான் வெட்டியதில் சிறந்த பத்துக் கவுன்களை மாதிரிக்கு வைத்து, இருபத்து மூன்று பேருக்கு எழுதினாள்.

இருபத்து மூன்றாம் ஆளிடமிருந்துதான் பதில் வந்தது. அவள் ஒருமுறை படித்துவிட்டு, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"என்ன தங்கச்சி? வேலை வந்திருச்சா?" என்று வந்தார் ஹமீது சுல்தான்.

"வந்திருக்கு பாய். 'இந்தப் படங்களை இராமநாதபுரம் பொன்னுச்சாமியின் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் உழைப்பைத் திருடாதீர்கள். தளத்துக்குப் புகார் செய்துவிட்டேன்.'"

அவர் குனிந்து திரையைத் தானே ஒருமுறை படித்தார். பிறகு, "யா அல்லாஹ்! ஒன் வீட்டுக்குள்ளயே நீ கன்னம் வச்சிட்டியாம்ல!" என்றார். பூமயிலுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. இரண்டையும் துடைத்துக்கொண்டு, பத்து மாதிரிகளையும் ஒவ்வொன்றாக அழித்தாள். பக்கம் காலியானது.

கடைக்குப் பின்னால் கொடியில் ஹமீது சுல்தானின் மகளுடைய பெருநாள் கவுன் காய்ந்துகொண்டிருந்தது. இளம்பச்சை, மூன்றடுக்கு லேஸ்.

"பாய், அந்தக் கவுன நான் போட்டோ எடுத்துக்கிரட்டா?"

"அழுக்குக் கொடியில தொங்குது, அதையா?"

"கொடிய வெட்டத்தேன நான் இருக்கேன்."

கடற்காற்றில் கவுன் நிற்காமல் ஆடியது. அவர் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, அவள் எட்டுப் படம் எடுத்தாள். ஒன்றுதான் தேறியது. அதைத் திரையில் விரித்து நீலச் சாயலை நகலெடுத்தாள். முதலடுக்கு லேஸ் வெள்ளையாகத் திரண்டு வந்தபோது மேசையிலிருந்த செல்போன் அதிர்ந்தது. பொன்னுச்சாமி. எடுத்ததும், அவருக்குப் பின்னால் பையன்கள் ஒருவரையொருவர் திட்டுவது கேட்டது.

"தாயி பூமயிலு, போன வச்சிராத. அந்த லேசு ஓட்டைய எப்புடி வெட்டுறதுன்னு இந்தப் பயலுகளுக்கு ஒருக்காச் சொல்லிக் குடு. நாங்க அனுப்புனதப் பூரா அந்தம்மா திருப்பி அனுப்பிருச்சு. ஒத்த நட்சத்திரம் போட்டுருச்சுன்னா, இருவது வருசமா நான் சேத்த பேரு என்னாகுறது தாயி?"