லயத்தின் மேல் விழுந்த சிவப்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை சோம்பலில் பிறந்தது. எழுத்து ஓடாத ஒரு மத்தியானம், காலநிலைக் கணிப்பு வரைபடம் ஒன்றைக் கணினியில் திறந்து, இலங்கையின் மாத்தளை மாவட்டத்து ஆண்டுகளை முன்னும் பின்னும் இழுத்து விளையாடிக்கொண்டிருந்தேன். 2050க்கு வந்ததும் மாவட்டம் சிவந்துபோனது. அந்தச் சிவப்பை யாருக்காவது காட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. டொறீனைப் படைத்தேன்.

2

முதல் வரி: “2008ஆம் ஆண்டு மாத்தளையில் பருவமழை பிந்தியதால்...”

(வேண்டாம். அறிக்கை வாடை அடிக்கிறது.)

“சோதனைச் சாவடியில் டொறீனின் மடிக்கணினியை...”

(இதுவும் வேண்டாம். போர் நடந்த அந்த ஆண்டில் ஒரு தமிழ்ப் பெண்ணை வரைபடத்தோடு சாவடியில் நிறுத்தினால் கதை அங்கேயே நின்றுவிடும். எப்படியோ தாண்டி வந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

3

டொறீன் மாத்தளை டவுன்காரி, சுற்றாடல் நிறுவனமொன்றில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்த கையோடு, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் (கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடம்) சனத்தைக் கூட்டி மடிக்கணினியில் அந்த வரைபடத்தைத் திறந்தாள். ஆண்டை இழுத்தாள். பச்சை மஞ்சளானது, மஞ்சள் சிவப்பானது.

“இந்தா பாருங்க, நம்ம லயமும் செவப்புக்குள்ள வந்துருச்சு!” என்றாள் உற்சாகமாக. அத்தோடு பற்றரி செத்தது. மிச்சத்தை நாளைக்குச் சொல்வதாகச் சொல்லி பஸ்ஸைப் பிடித்தாள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எவ்வளவு அருமையான கூட்டம் என்று நினைத்துக்கொண்டாள், அசடு.

(அசடு என்றது அநியாயம். எழுபதுகளில் அவள் பிறக்கவே இல்லை.)

4

மறுநாள் வந்து பார்த்தால் லயத்து வரிசை வீடுகளின் வாசலெல்லாம் மூட்டை. முதல்நாள் கூட்டத்துக்கு வந்திருந்த சவரியம்மாவின் கறவைப் பசு, நாவுல ஊர் மாட்டு வியாபாரி முத்தலிப் நானாவின் லொறியில் ஏறி நின்றது.

“என்னக்கா இது? எங்க போறீங்க?”

“நீங்கதான மிஸ் காட்டுனீங்க, செவப்பு அடிச்சிட்டாங்கன்னு. எழுபத்தஞ்சுலயும் இப்பிடித்தான். தோட்டத்த எடுக்க கவர்மென்ட் காணி ஆபீஸ் ஆளுங்க படத்தோட வந்தாங்க, நாங்க இருந்த தோட்டத்தச் சுத்திச் செவப்புல கீறுனாங்க. அடுத்த மாசமே எங்கள எறக்கிட்டாங்க. மாட்ட விக்கக்கூட நேரமில்ல, கட்டுன எடத்துலயே விட்டுட்டு வந்தோம். இந்தத் தடவையாச்சும்...”

“போயி எங்க இருப்பீங்க?”

“வவுனியாவுல தம்பி இருக்கான்.”

டொறீன் மூட்டையைப் பிடித்துக்கொண்டாள். சண்டை நடக்கிற பக்கமாக, பிள்ளைகுட்டிகளோடு. தன் வாயால் வந்த வினை.

“ஐயோ அக்கா, அது ஆள எடத்த விட்டு எழுப்புற செவப்பு இல்ல! இன்னும் நாப்பது வருசத்துல இங்க வெயில் கூடும்னு சொல்ற செவப்பு.”

“வெயிலா?”

“வெயில்தான்.”

“ஆர்மி? காணி ஆபீஸ்?”

“யாரும் வரமாட்டாங்க அக்கா. வெயில் மட்டும்தான்.”

சவரியம்மா மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“மாதாவே, வெயில்தானா! காயட்டும், நல்லாக் காயட்டும்!”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று முத்தலிப் நானா லொறியின் பின்பலகையை இறக்கினார். “ஏறுறப்போ என்னா மொரண்டு புடிச்சிச்சு தெரியுமா தங்கச்சி? இப்ப எறங்குற வேகத்தப் பாருங்க.”

டொறீனும் சிரித்தாள். அத்தனை நிம்மதியாக அவள் மூச்சுவிட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

5

இனி முடிவு. டொறீன் மடிக்கணினியைத் திறக்கிறாள். தேயிலை கருகும், ஊற்று வற்றும், இந்தப் பிள்ளைகளை ஒருநாள் வெயிலே இங்கிருந்து எழுப்பும் என்று சொல்கிறாள். சொல்ல வேண்டியதும் அதுதான். எழுதினேன், அடித்துவிட்டேன்.

இல்லாவிட்டால், ஒன்றும் சொல்லாமல் அந்தப் பசுவின் பாலில் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போகிறாள். இது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்பப் பயமாக இருக்கிறது.

மூன்றாவதாக ஒன்று...

அதை நீங்களே எழுதுங்கள். கணிப்பைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் சொல்லுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் அவர்கள் இப்போது மூட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவிழ்த்து முடிக்கட்டும், அதுவரை பொறுங்கள்.