பஸ் ஏறிய தப்புக் கணக்கு

"யாருக்காவது டீச்சராகணும்னு ஆசை இருக்கா?" என்று எங்கள் கணக்கு டீச்சர் கேட்டபோது பன்னிரண்டாம் வகுப்பே மோட்டுவளையைப் பார்த்தது. நான் சிரித்தே விட்டேன். எனக்குத்தான் கம்ப்யூட்டர் படிப்பு என்று அப்பா முடிவு கட்டிவிட்டாரே! டீச்சர் விடுகிற ஆளா? "ஒரே ஒரு பீரியட் எடுத்துப் பாருங்க, அப்புறம் சிரிங்க" என்று ஆளுக்கொரு வகுப்பைத் தலையில் கட்டிவிட்டார். எனக்கு வாய்த்தது ஆறாம் வகுப்பு, கடைசி பீரியட். அது முடிந்ததும் அப்பா வந்து கேட்டில் நிற்பார். கல்லூரிக்குப் போய் முன்பணம் கட்டி சீட்டை உறுதி செய்ய வேண்டும், அன்றுதான் கடைசி நாள்.

டீச்சரிடம் ஒரு வித்தை உண்டு. போர்டில் வேண்டுமென்றே தப்பாகப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி நிற்பார். நாங்கள் பாய்ந்து பிடிப்போம். நானும் அதையே செய்தேன். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொல்லி, மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் சேர்த்து, ஐந்தில் இரண்டு என்று எழுதிவிட்டு அப்பாவி முகத்தோடு காத்திருந்தேன்.

பாவிகள், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை! அத்தனை பேரும் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள். "நல்லா பாருங்க" என்று சொல்லி வாய் மூடவில்லை, மணி அடித்துவிட்டது. கண் மூடித் திறப்பதற்குள் வகுப்பு காலி.

என்னை நம்பி ஒரு வகுப்பே தப்பை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறது! டஸ்டரும் கையுமாக ஓடினேன். நல்ல வேளை, எல்லாம் ஒரே பள்ளி பஸ்ஸில் போகிற கூட்டம். நகர ஆரம்பித்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன்.

"யாரும்மா நீ? இறங்கு!" என்றார் டிரைவர்.

"அண்ணே, இவங்களுக்குத் தப்பா சொல்லிக்குடுத்துட்டேன்!"

"அப்ப சரியா சொல்லிட்டு இறங்கு" என்று அவர் பாட்டுக்கு ஓட்டினார்.

ஒருத்தியின் பிஸ்கட்டைப் பிடுங்கி உடைத்தேன். "இது பாதி. இதோட இன்னொரு துண்டு சேத்தா கூடுமா, குறையுமா?"

"கூடும்!"

"அஞ்சுல ரெண்டுன்னு எழுதுனீங்களே, அது எவ்வளவு?"

விரல்களை மடக்கிப் பார்த்தார்கள். திடீரென்று இரட்டைப் பின்னல்காரி ஒருத்தி சீட்டின்மேல் ஏறி நின்றாள். "அக்கா! அஞ்சுல ரெண்டு பாதிகூட வராதே! கூட்டுன பிறகு எப்படிக்கா குறையும்? நீங்க போட்டது தப்பு!"

"தப்பு! அக்கா தப்பு!" என்று பஸ்ஸே கத்தியது. எனக்கானால் சந்தோஷம் பொத்துக்கொண்டு வருகிறது! முதல் மார்க் வாங்கிய நாளில்கூட இப்படி இருந்ததில்லை.

"அப்ப எது சரி? வாங்க, ஆறு துண்டாக்குவோம்!"

போன் அடித்தது. அப்பா.

"எங்கம்மா இருக்கே? காலேஜை மூடிடுவாங்க!"

"பஸ்லப்பா. கிளாஸ் எடுத்துட்டிருக்கேன்."

"விளையாடறியா? சீட்டு போயிடும்!"

"போகட்டும்பா. நான் டீச்சராகப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? மொதல்ல கீழ இறங்கு. உன் வாழ்க்கைம்மா இது, இப்பவே பேசி..."

ஜன்னலோரம் இருந்த சின்னவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். கண் கலங்கியிருந்தது. "அக்கா, எனக்கு மட்டும் இன்னும் புரியலக்கா."

"அப்பா, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.