சாரத்தில் தொங்கிய துணி

கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற சாரக்காரருக்கு நகராட்சி தரவேண்டிய பாக்கி மூன்று லட்சத்து நாற்பத்தேழாயிரத்து அறுநூறு. இது ஊருக்கே தெரியும். கடன் வாங்கிவிட்டுக் கண்ணில் படாமல் திரிகிறவனைப் பிடித்து நிறுத்தினால், "என்னடா, நகராட்சி மாதிரி பண்றே?" என்றுதான் கேட்பார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்த கதை. நகர மன்றக் கட்டடம் ரொம்பப் பழசு. முன்னால் ஆறு கல் தூண், தூண்களுக்கு மேலே இலையும் பழமுமாகச் செதுக்கிய வரிசை. அதிலிருந்து ஒரு கல் பழம் உதிர்ந்து யாருடைய சைக்கிளையோ அப்பளமாக்கிய பிறகுதான் நகராட்சி கண் விழித்தது. சாரக்காரரைக் கூப்பிட்டுச் சாரம் கட்டச் சொன்னார்கள். அவர் தன்னிடம் இருந்த இரும்புக் குழாய், கிளாம்பு, பலகை அத்தனையையும் கொண்டுவந்து முகப்பு முழுக்கக் கட்டினார். கொத்தர்கள் ஏறிக் கொஞ்ச நாள் தட்டினார்கள். பிறகு பணம் இல்லை என்று இறங்கிப் போனார்கள். சாரம் நின்றது. வாடகையும் நின்றது.

அவர் அதைக் கழற்றவில்லை. குழாய் அங்கே நிற்கிறவரைக்கும் கடன் நாலு பேர் கண்ணில் படும், கழற்றிவிட்டால் கடனும் கழன்றுபோகும் என்று அவருக்குப் பயம். நகராட்சியும் கை வைக்கவில்லை. தொட்டால் பாக்கியைக் கொடுக்க வேண்டும். அடுத்த பழம் யார் தலையில் விழும் என்றும் தெரியாது. அதனால் முன்கதவைப் பூட்டிவிட்டார்கள். பிறப்பு, இறப்பு, வீட்டு வரி எதற்கானாலும் ஊர் ஜனம் பின்பக்கம் சாக்கடையைத் தாண்டி, கழிப்பறைச் சுவரை ஒட்டி வரிசையில் நின்றது.

குழாய் எல்லாம் அங்கே மாட்டிக்கொண்டதால் தொழில் போயிற்று. சொந்தச் சாரம் வைத்திருந்த மனுஷன் அடுத்தவர் சாரத்தில் கூலிக்கு ஏறினார். மனைவி விடுதிகளிலிருந்து துணி எடுத்துவந்து துவைத்து, மொட்டை மாடியில் காயப்போட்டு, தேய்த்துக் கொடுத்தாள். முழங்கால் வலியோடு ஒவ்வொரு சாயங்காலமும் வேலையிலிருந்து திரும்பும்போது அவர் நகர மன்றத்துப் பக்கமாகத்தான் வருவார். தன் குழாய்களை ஒரு பார்வை பார்ப்பார். வெளியூரில் கட்டிக் கொடுத்த பெண்ணை எட்டிப் பார்க்கிற மாதிரி.

இப்படி இருக்கையில் அந்தக் கட்டடத்தை ஒரு மெத்தை கம்பெனி தத்து எடுத்தது. பத்து வருஷத்துக்குப் பழுது பார்ப்பது, பராமரிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பதிலுக்கு அவர்கள் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

"தூங்குற நகராட்சிக்குப் பொருத்தமாத்தான் வந்திருக்கு, மெத்தை," என்றாள் மனைவி.

சாரக்காரருக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை. காசுள்ள கை வந்திருக்கிறது, பழைய பாக்கியும் தீரும். சவரம் பண்ணி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, கம்பெனியிலிருந்து வந்த மேடத்தைப் போய்ப் பார்த்தார். முப்பது, முப்பத்தைந்து வயசு இருக்கும். தலையில் மஞ்சள் தொப்பி, காலில் சேறு.

"அண்ணே, கட்டடத்தைப் பாத்துக்குறதுதான் எங்க ஒப்பந்தம். பழைய கடன் எல்லாம் நகராட்சியோடது," என்றாள் மேடம். குரலில் கடுமை இல்லை. ஆனால் கையில் காசும் இல்லை.

அவர் எழுத்தரிடம் போனார். எழுத்தருக்கு ஊர் வைத்த பெயர் 'நாளைக்கு'. யார் என்ன கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

"கட்டடம் இப்ப அவங்க கையில. அவங்களைக் கேளுங்க."

"அவங்க உங்களைக் கேக்கச் சொல்றாங்க சார்."

"அப்படியா? அப்ப நாளைக்கு வாங்க."

மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்பார்கள். அன்றைக்கு அந்த மத்தளம் நடந்தே வீட்டுக்கு வந்தது.

அடுத்த வாரம் இதைவிடப் பெரிய இடி. வேலையிலிருந்து திரும்பும்போது பார்த்தால், சாரத்தின் மேலிருந்து கீழ்வரை ஒரே துணி. அதில் ஒரு பெண் மெத்தையில் படுத்துச் சிரித்துக்கொண்டே தூங்குகிறாள். 'உங்கள் ஊரின் பெருமையைக் காக்கிறோம், உங்கள் தூக்கத்தையும்' என்று ஆள் உயர எழுத்து. தூண், பழம், சாரம் எதுவும் தெரியவில்லை. ஒன்பது வருஷமாகக் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த கடனை ஒரே நாளில் போர்த்திவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் மாடியில் சண்டை. பக்கத்து வீட்டுக்காரி தன் போர்வைகளைச் சாரக்காரர் மனைவியின் துணிக் கயிற்றில் போட்டிருந்தாள்.

"கயிறு சும்மாத்தானே கிடந்துச்சு அக்கா?"

"சும்மா கிடந்தா உன்னோடதாயிடுமா? என் வீட்டுக்காரர்கூடத்தான் சும்மா கிடக்கார், கூட்டிட்டுப் போறியா?"

"அய்யய்யோ, வேணாம்."

"வேணாம்ல? போர்வை காயணும்னா கீழே இருந்து ரெண்டு வாளி தண்ணி தூக்கிட்டு வந்து வை. நான் கயிறு சும்மா தர்றதில்லே."

பக்கத்து வீட்டுக்காரி முணுமுணுத்துக்கொண்டே வாளியை எடுத்தாள். சாரக்காரர் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து, தான் பார்த்துவிட்டு வந்த துணியைப் பற்றிச் சொன்னார்.

மனைவி போர்வையை ஒதுக்கி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அந்தத் துணி எதுல தொங்குது?"

"சாரத்துலதான்."

"சாரம் யாரோடது?"

அவர் தொட்டி ஓரத்திலிருந்து எழுந்தார். கீழேயிருந்து பக்கத்து வீட்டுக்காரி முதல் வாளியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் அவர் கூலிக்குப் போகவில்லை. ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக நகர மன்றத்துக்குப் போனார்.

"மேடம், துணியை எடுத்துருங்க. இல்லேன்னா நான் குழாயைக் கழட்ட வேண்டியிருக்கும். துணி தானா இறங்கிரும்."

"என்னண்ணே இது? விளம்பரத்துக்கு மாசம் முப்பதாயிரம் நகராட்சிக்குக் கட்டுறோமே!"

"கட்டடத்துச் சுவத்துல மாட்டுங்க, அது நகராட்சியோடது. நீங்க மாட்டியிருக்கிறது என் குழாய்ல."

எழுத்தரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பின்பக்கமாகச் சாக்கடையைத் தாண்டி வந்து சேர்ந்தார். "குழாய் நகராட்சிக்காகக் கட்டினது. அதனால நகராட்சி..." என்று இழுத்தார்.

"நகராட்சியோடதா சார்?" சாரக்காரர் குரலை உயர்த்தவில்லை. "அப்ப விலைக்கு வாங்கிட்டீங்க. சந்தோஷம். வாடகையை விடுங்க, விலையைக் குடுங்க."

எழுத்தர் அவசரமாகத் தலையாட்டினார். "இல்லே, இல்லே. உங்களோடதுதான்."

மேடத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "சார், எனக்கு ரசீது இருந்தாப் போதும், யாருக்குக் கட்டினா என்ன? அந்த முப்பதாயிரத்தை மாசாமாசம் நகராட்சி இவருக்குக் குடுத்துரட்டும். பாக்கி தீர்ற வரைக்கும். இல்லேன்னா துணி இறங்கும், உங்களுக்கும் ஒண்ணும் வராது."

"தீர்மானம் போடணும். நாளைக்கு..."

சாரக்காரர் இடுப்பிலிருந்து ஸ்பானரை எடுத்து, அருகில் இருந்த கிளாம்பில் வைத்து ஒரு திருகு திருகினார். துரு உதிர்ந்தது. மேலே துணி லேசாக ஆடியது.

தீர்மானம் அந்த வாரமே போட்டார்கள்.

அதன்பிறகு வேலை சூடு பிடித்தது. மேடம் கறார். துருப்பிடித்த குழாயை எல்லாம் மாற்றச் சொன்னாள், ஒவ்வொரு பலகையையும் தானே ஏறி மிதித்துப் பார்த்தாள். கம்பெனி கூலியில் சாரக்காரரே தன் சாரத்தைச் செப்பனிட்டார். கல்தச்சர்கள் வந்தார்கள். துணிக்குப் பின்னால் நாளெல்லாம் உளிச் சத்தம். உதிர்ந்த பழத்துக்குப் பதில் புதுப் பழம் செய்து பொருத்தினார்கள். மாசம் பிறந்தால் முப்பதாயிரம் வந்தது. மனைவி விடுதித் துணியில் பாதியைக் குறைத்தாள். மகள் பிரசவத்துக்கு வந்தாள். செலவுக்கு யாரிடமும் கையேந்தவில்லை.

ஒன்பதாவது மாசம் கல் வேலை முடிந்தது. பாக்கியில் இன்னும் எழுபத்தேழாயிரத்து அறுநூறு நின்றது. சாரம் இறங்கினால் துணி இறங்கும், துணி இறங்கினால் பணம் நின்றுவிடும்.

யாருக்கும் அவசரம் இல்லை. "இருக்கட்டுமே," என்றார் எழுத்தர், முதல்முறையாக நாற்காலி காட்டி. "உங்களுக்கு இன்னும் மூணு மாசத்துல தீந்துரும். அப்புறம் அந்தக் காசு எங்களுக்கு வரும். துணி பாட்டுக்குத் தொங்கட்டும்." துணி நன்றாக எடுபடுகிறது, வருஷம் முடியட்டும் என்று கம்பெனித் தலைமையிலிருந்தும் சொல்லிவிட்டதாக மேடம் வந்து சொன்னாள். சொல்லும்போது அவள் இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சாரக்காரரும் சரி என்றுதான் இருந்தார். வராது என்று நினைத்த பணம் வருகிறபோது வேண்டாம் என்பவன் உண்டா?

அந்த வாரம் மகள் குழந்தையின் பிறப்பைப் பதியப் போனாள். அவரும் கூடப் போனார். மழை பெய்து சாக்கடை நிரம்பியிருந்தது. வரிசை கழிப்பறையைத் தாண்டி நீண்டு நின்றது. அவர்களுக்கு முன்னால் ஊன்றுகோல் வைத்திருந்த ஒருவர் செங்கல் செங்கலாகக் கால் வைத்துத் தாண்டிக்கொண்டிருந்தார். மகள் குழந்தையின் மூக்கைத் துணியால் மூடினாள்.

"அப்பா, முன்பக்கம் வேலை முடிஞ்சிருச்சுன்னீங்களே?"

"முடிஞ்சிருச்சும்மா."

"அப்புறம் ஏன் இன்னும் இந்த வழி?"

ஒன்பது வருஷம் கதவு பூட்டியிருந்தது நகராட்சியால். இந்த மாசம் பூட்டியிருப்பது யாரால்? கையிலிருந்த குடையை மகள் தலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வரிசை நகரும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம், சாரத்தை இப்போதே கழற்றிவிடலாம், மீதிப் பாக்கி போனால் போகட்டும் என்று மனைவியிடம் சொன்னார்.

"எழுபத்தேழாயிரத்தையா?" அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "கர்ணன் கெட்டான் போங்க." ஒரு சட்டையைத் தேய்த்து மடித்தாள். "பொண்ணு வந்து சொன்னா, அந்தச் சாக்கடையை. குழந்தைக்கு ரெண்டு தடவை தும்மல் வந்துச்சாம்." இன்னொரு சட்டையை எடுத்தாள். "கழட்டுங்க. ஆனா அந்தத் துணியை விட்டுட்டு வந்தீங்கன்னா வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்காதீங்க. மழைக்கு மாடியில மேலே கட்ட அளவாயிருக்கும்."

மறுநாள் மேடத்திடம் சொன்னார். "மேலே என்ன சொல்லச் சொன்னாங்களோ அதை நான் சொல்லிட்டேன். குழாய் உங்களோடது. நான் எப்படித் தடுக்க முடியும்?" என்றாள். பிறகு சிரித்தாள். "தூண் ஓரத்துல சின்னதா ஒரு பலகை வெச்சுக்குறோம். அது போதும்ணே. ஜனங்க கட்டடத்தைப் பாக்கட்டும்."

மேலிருந்து கீழாகக் கழற்றினார்கள். முதலில் துணி, பிறகு பலகை, பிறகு குழாய். ஒவ்வொரு அடுக்கு இறங்க இறங்கக் கல் வெளுப்பாக வெளியே வந்தது. கடைக்காரர்கள் கல்லாவை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் சாரம் இல்லாமல் அந்தத் தூண்களைப் பார்த்ததே இல்லை. ஆறு வரை எண்ணிவிட்டு மறுபடி எண்ணினார்கள். சாரக்காரர் கடைசிக் குழாயைத் தோளில் சாய்த்து நின்று அண்ணாந்து பார்த்தார். புதுப் பழத்துக்கும் பழைய பழத்துக்கும் நிறத்தில் கொஞ்சம் வித்தியாசம் இருந்தது. மழை ரெண்டு பெய்தால் சரியாகிவிடும்.

"அண்ணே," மேடம் பக்கத்தில் வந்தாள். "பழைய சந்தைக் கட்டடத்தையும் எடுத்திருக்கோம். கூரை இறங்குது. குழாயை வீட்டுக்குக் கொண்டு போயிடாதீங்க, நேரா அங்கே இறக்குங்க. இந்தத் தடவை வாடகை முன்பணமா."

அவர் லாரிக்காரரைக் கூப்பிட்டு வழி சொல்லிவிட்டு, முன்படியில் ஏறினார். மேடம் பூட்டை எடுத்துவிட்டிருந்த கதவு எண்ணெய் காணாமல் முனகித் திறந்தது. எழுத்தர் முதலில் யாரோ என்று திடுக்கிட்டார். அந்தத் திசையிலிருந்து ஆள் வந்து அவர் பார்த்து ரொம்ப வருஷம் ஆகிறது. மேஜைமேல் வெயில் விழுந்திருந்தது.

"பாக்கி எழுபத்தேழாயிரத்து அறுநூறு இருக்கே," என்றார் எழுத்தர்.

"அடிச்சுருங்க சார். நான் வாங்கிக்கலே."

எழுத்தர் பேனாவைத் தேடினார். சாரக்காரர் பழக்கதோஷத்தில் வாசல் பக்கம் திரும்பி, "நாளைக்கு வரட்டுமா?" என்றார்.

"எதுக்கு நாளைக்கு?" என்றார் எழுத்தர். "உக்காருங்க. இப்பவே அடிச்சுர்றேன்."

ஒரே கோடாக இழுத்தார்.