மவுஸ் நகர்ந்தால் போதும்

என் வீட்டுக்காரருக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் கையில் கிடைத்துவிட்டால் தலைகால் புரியாது. எங்கள் அச்சுக்கடைக் கம்ப்யூட்டர் பெரிய டிசைனைத் திறந்தாலே திணறுகிறது என்று மாதக்கணக்கில் புலம்பிவிட்டு, ஒரு கிராபிக்ஸ் கார்டை வாங்கி வந்து தானே மாட்டினார். விற்றவன் மாட்டித் தருகிறேன் என்றானாம். இவர் வேண்டாம் என்றாராம். வேறு என்ன சொல்வார்? அன்றைக்குப் பிடித்தது சனி.

கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு திரையில் இருப்பது அப்படியே நின்றுவிடும். மவுஸை இழுத்தாலும் சரி, தட்டினாலும் சரி, அம்பு அசையாது. ப்ளக்கைப் பிடுங்கி மறுபடி போட வேண்டியதுதான்.

லேபிள் வேலை நின்றால் எனக்குக் கவலையில்லை. ஆர்டர் கொடுத்தவர்கள் திட்டினால் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். என் கவலையெல்லாம் திரையின் மூலையில் இருந்த சின்னக் கட்டம்தான். அதில் கடைக்கு மேலே இருக்கும் மாடியறை தெரியும். மாடியறையில் என் நாத்தனார், இவருடைய தங்கை.

அவளுக்கு வலிப்பு நோய். மாத்திரை சாப்பிட்டும் திடீரென்று வரும். விழுந்தால் உடனே ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், நிற்காமல் இழுத்துக்கொண்டே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் கேமரா வைத்தோம். “குளிக்கிற இடத்துலயும் ஒண்ணு மாட்டிடுங்களேன் அண்ணி, குடும்பமே உக்காந்து பாக்கலாம்” என்றாள். அந்த வாய் இருக்கிறதே! சத்தம் கேட்கக் கூடாது, முகத்தின் மேல் மணி காட்டும் எண்கள் ஓடக் கூடாது என்று இரண்டு நிபந்தனை போட்டுவிட்டுத்தான் சம்மதித்தாள். ஆனால் கேமரா வந்த பிறகுதான் பயமில்லாமல் தூங்குகிறேன் என்று அவளே ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

அன்று காலை இவர் சிபியூவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கார்டு சரியாக உட்காரவில்லை என்றார். கழற்றி, அதன் விளிம்பை ரப்பரால் தேய்த்து, அழுத்தி மாட்டினார். நின்றது. பவர் பத்தவில்லை என்றார். வேறு எதையெதையோ கழற்றி வைத்தார். நின்றது. சூடுதான் காரணம் என்று மேஜை ஃபேனை அதன் வாய்க்குள் திருப்பி வைத்தார். அதற்கும் நின்றது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் நான் கத்தரியைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, “மறுபடியும் நான் சிலையாயிட்டேனா?” என்று கேட்பாள். கடைசியாகப் போனபோது, அண்ணி மூச்சு வாங்கியே செத்துப்போகப் போகிறீர்கள், கீழே போங்கள் என்று சிடுசிடுத்தாள்.

இவருக்கும் எரிச்சல். “மவுஸ் நகர்ந்தா எல்லாம் ஓடுதுன்னு அர்த்தம். நகத்திப் பாரு, நகரலைன்னா மட்டும் மேல போ. சும்மா ஓடி ஓடி அவளையும் கடுப்பேத்தாத” என்றார். நியாயமாகத்தான் பட்டது. அதுவரை அப்படித்தானே நடந்தது, நின்றால் எல்லாம் சேர்ந்துதான் நின்றது. அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கடக்கும்போதெல்லாம் மவுஸை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவேன்.

மதியம் கார்டோடு வந்த டிரைவர் என்கிற சாஃப்ட்வேரை நீக்கிவிட்டு, எங்கேயோ தேடிப் பிடித்து ஒரு பழைய டிரைவரை ஏற்றினார். அவ்வளவுதான், கம்ப்யூட்டர் பறந்தது. எத்தனை டிசைன் திறந்தாலும் நிற்கவில்லை. மனுஷனுக்குத் தலை கூரையில் இடித்தது. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். டீ போட்டுக் கொடுத்தேன்.

கட்டத்தில் நாத்தனார் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். காலடியில் வெயில் விழுந்திருந்தது. நான் லேபிள்களை வெட்டினேன். நிமிர்ந்து பார்த்தேன். மவுஸைத் தட்டினேன், அம்பு ஓடியது. மறுபடி வெட்டினேன்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட்டேன். இவர் வாசலில் காய வைத்திருந்த அட்டைகளை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார். கட்டத்தில் அவள் காலடியில் இன்னும் வெயில் கிடந்தது. கேமரா எப்போதும் வெளிச்சத்தைக் கூட்டித்தான் காட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மவுஸைத் தட்டினேன். அம்பு ஓடியது. ஆனாலும் மனசு ஒரு நிலையில் இல்லை. இவ்வளவு நேரம் பக்கத்தைப் புரட்டாமல் என்னதான் படிக்கிறாள் என்று இவரிடம் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஒருவர் நனைந்துகொண்டே வந்து, தன் லேபிளில் சிவப்பு மங்கிவிட்டது என்று சண்டைக்கு நின்றார். அவரைச் சமாளித்து அனுப்பினேன்.

அப்போது மாடிப்படியில் சத்தம் கேட்டது. ஓர் அடி, பிறகு நிசப்தம். இன்னோர் அடி.

திரும்பினேன். நாத்தனார் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நெற்றியின் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. வாயிலிருந்து வழிந்த ரத்தம் கழுத்தில் காய்ந்திருந்தது. உடை ஈரமாக இருந்தது. நான் திரையைப் பார்த்தேன். அங்கே அவள் வெயிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

இவர் மவுஸைப் பிடித்து நகர்த்தினார். அம்பு கட்டத்துக்குள் போய் அவள் முகத்தின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. “ஓடுதே...” என்றார். அந்த ஆளை அங்கேயே அறைந்திருப்பேன்.

அவளைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தேன். முந்தானையால் வாயைத் துடைத்தேன். நாக்கைக் கடித்திருந்ததால் ஒவ்வொரு சொல்லாகத்தான் பேச முடிந்தது.

“வரப்போகுதுன்னு தெரிஞ்சுது அண்ணி. எப்பவும் உடனே தரையில படுத்துருவேன். இன்னிக்கு நீங்க பாப்பீங்களேன்னு கேமராவைப் பாத்துக் கையாட்டிக்கிட்டே நின்னேன்.”

இவர் பின்னாலிருந்து டிரைவர், கார்டு, கேமரா படம் மட்டும் நின்றுவிட்டது என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் காதில் அது ஏறவில்லை. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“முழிச்சுப் பாத்தா யாருமே இல்ல. இப்ப வருவீங்க, இப்ப வருவீங்கன்னு தரையிலயே கெடந்தேன். நீங்க பாக்கலையா?”

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாயில் அது வரவில்லை.

“பாத்துக்கிட்டேதான் இருந்தேன்” என்றேன்.

அவள் என் கையை விட்டுவிட்டாள்.